இருளாயி வீட்டு ஒழுக்கும் ஒரு ‘நானும்’

மழையை அளந்த நாடுகள் உலகத்தில் பல உண்டு. ஒழுக்கை அளந்த பெருமை சப்ரகமுவ மாகாணத்துக்கு மட்டுமே உரியது. வானத்திலிருந்து விழுகிற நீரை அளக்க ஒரு டப்பாவும் ஒரு சோம்பேறியும் போதும். அதே நீர் ஒரு கூரையைச் சந்தித்து, ஓட்டையைத் தேடி, கண்டுபிடித்து, உள்ளே நுழைந்து, கீழே படுத்திருப்பவரின் மூக்கு நுனியில் விழுகிறவரை அதைப் பின்தொடர்ந்து அளக்க வேண்டுமென்றால் சும்மா முடியுமா? ஒரு கருத்திட்டம் வேண்டும். பணிப்பாளர் வேண்டும். ஐவர் குழு வேண்டும். மீன் வைத்த மாலு பணிஸ் வேண்டும்.

இவை யாவும் இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு எஹலியகொடையில், ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில் ஒன்றுகூடின. கொய்யாமலை றப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் புதுத் தகரம் கொடுக்க ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் முன்வந்திருந்தது. தகரமும் வந்து இறங்கிவிட்டது. தோட்டத்து றப்பர் ஸ்டோருக்குப் பக்கத்தில் அடுக்கி, மழையில் நனைந்துவிடாதபடி படங்கு போட்டு மூடிக் கட்டியிருந்தார்கள். இனி எந்த வீடு எவ்வளவு ஒழுகுகிறது என்று ‘விஞ்ஞானபூர்வமாக’ நிறுவ வேண்டியது மட்டும்தான் பாக்கி.

வாசலில் பெயர்ப்பலகை மாட்டியாயிற்று. ‘லயக் கூரை ஒழுக்கு அளவீட்டுக் கருத்திட்டம்’ என்று எழுதச் சொன்னதைத் தமிழ் தெரியாத ஓவியர் ஒருவர் தம்மாலியன்ற அளவு அழகாக ‘லயக் கூரை ஒழுக்க அளவீட்டுக் கருத்திட்டம்’ என்று எழுதிவிட்டார். ஒழுக்கத்தை அளக்க ஆட்கள் வருகிறார்கள் என்ற செய்தி தோட்டம் முழுக்கப் பரவி, கீழ் டிவிசனில் காத்தமுத்து தன் கசிப்புச் சாராயப் போத்தலைப் பலா மரத்தடியில் புதைத்துவிட்டார் என்பது கருத்திட்டத்தின் முதலாவது சமூகப் பயன்.

கருத்திட்டத்தின் செயலாளரும் கணனிப் பொறுப்பாளரும் சரவணமுத்து. சாவகச்சேரிப் பக்கத்து மனிதர். ஐம்பத்துமூன்று வயது, இரண்டு கண்ணாடி, ஒரு குடை. முப்பது வருஷம் பல கந்தோர்களில் குமாஸ்தாவாகக் கையால் கூட்டிக் கழித்தவர் என்பதால், தானாகக் கூட்டுகிற ஒரு பெட்டியைக் கண்டதும் அவருக்குப் பக்தியே வந்துவிட்டது. காலையில் அதை இயக்குமுன் செருப்பைக் கழற்றி வைப்பார். தூசு போகாமலிருக்க என்று சொல்லிக்கொள்வார்.

கணக்குப் போடும் நிரலை எழுதித் தந்தவன் சிந்துஜன் என்ற கொழும்பு ஆலோசகன். வயது இருபத்தாறு. நாள் ஒன்றுக்கு அவன் வாங்குகிற ஆலோசனைக் கூலியைச் சரவணமுத்து ஒருமுறை கேட்டுவிட்டு, பிழையாகக் கேட்டுவிட்டேன் போலும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

“அங்கிள், இதுக்குள்ள ஒரு லைப்ரரி இருக்கு. நம்பர்களை வரிசை வரிசையா அடுக்கி வச்சு, ஒரே நேரத்தில கூட்டும், பிரிக்கும், சராசரி எடுக்கும்.”

“லைப்ரரியோ? புத்தகங்கள் எங்கை?”

“புத்தகம் இல்ல அங்கிள். எல்லாம் கட்டளைகள். காற்றில இருக்கிற மாதிரி.”

சரவணமுத்துவின் கண் முன்னே, தன் ஊர்ப்பக்கத்துப் பெரிய நூலகம் எரிந்த இரவு வந்து போனது. பிறகு, “நல்லது,” என்றார். “எரிக்க ஏலாது.”

கணனியும் உதவி நிறுவனம் தந்ததுதான். அவர்கள் நாட்டில் ஓய்வுபெற்று இங்கே மீண்டும் நியமனம் பெற்றிருந்தது. ஞாபகசக்தி குறைவு. ஆகவே சிந்துஜன் ஒவ்வொரு வீட்டு எண்ணுக்கும் இருப்பதிலேயே மிகச் சிறிய பெட்டியை ஒதுக்கினான். “மாதம் முழுக்க ஒழுகினாலும் ஒரு வீட்டுக்குள்ள அவ்வளவு தண்ணி வராது அங்கிள்,” என்றான். அவன் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் குடியிருந்தான்.

அளவீடு தொடங்கியது. வீட்டுக்கு வீடு போய் மழைமானி வைத்து, ஒழுக்கை மில்லிமீட்டரில் குறித்து வருகிற வேலை விஜயகலாவுக்கு. அதே தோட்டத்துப் பிள்ளை. உயர்தர வகுப்பு வரை படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவள். ஒரு மாத ஒழுக்கு நூறு மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்த வீட்டுக்குத் தகரம். தாண்டாவிட்டால் வாழ்த்து.

சித்திரை மாதத்து இடி மழை ஓய்ந்து, எண்கள் உள்ளே போய், தாள் வெளியே வந்தது. பணிப்பாளர் அப்துல் ரஸாக் அதைக் குழுவின் முன் இரு கைகளாலும் ஏந்தி வாசித்தார். காத்தமுத்து வீடு: இருநூற்று நாற்பது. அதற்கடுத்தது: நூற்றுத் தொண்ணூற்றெட்டு. இப்படியே போய், இருளாயி வீடு: நான்கு.

“நாலா!” என்றார் பணிப்பாளர். “நம்மட ஒபிஸ் கூரையே இதைவிடக் கூட ஒழுகுது. இப்படி ஒரு கூரை இந்த மாவட்டத்திலயே இல்ல. இதைப் பாராட்டாம விடலாமா?”

தொழிற்சங்கத் தலைவர் கன்னையா மாலு பணிஸை மென்றுகொண்டே, “எங்க ஆளுங்கதாங்க, பாராட்ட வேண்டியதுதாங்க,” என்று வழிமொழிந்தார். தோட்டத்து முகாமையாளரான பெரிய துரை சிங்களத்தில் “ஹொந்தாய்” என்றார். அது நல்லது என்று பொருள்படும். கூட்டம் சீக்கிரம் முடிந்தால் நல்லது என்றும் பொருள்படும். ‘மேற்படி இருளாயி என்பவருக்குச் சிறந்த கூரைக்கான நற்சான்றிதழ் வழங்குவதெனவும், அவருக்குத் தகரம் அவசியமற்றதெனவும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’

நற்சான்றிதழை லெமினேட் செய்து எடுத்துக்கொண்டு சரவணமுத்துவும் விஜயகலாவும் தோட்டத்துக்குப் போன அன்றும் மழை. இருளாயி கதவைத் திறந்தாள். ஐம்பது வயது கடந்த றப்பர் பால்வெட்டுக்காரி. கை ஒல்லி, குரல் பெரிது.

“வாங்கையா, வாங்க. கொடைய மடக்கிறாதீங்க. உள்ளயும் அதே மழதான்.”

சரவணமுத்து உபசாரம் என்று நினைத்துக் குடையை மடக்கினார். உடனே விரித்தார். அந்த ஒற்றைக் காம்பரா அறையின் தரையெல்லாம் தேங்காய்ச் சிரட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சுருதியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

“என்னம்மா, இவ்வளவு சிரட்டை?”

“மழ நாள்ல பால்வெட்டு இல்லைங்களே. சிரட்ட சும்மாதானே கெடக்கு. வெயிலுக்கு மரத்துல கட்டுறோம், மழைக்கு வீட்டுல வைக்கிறோம். மரமாச்சும் ஓட்ட போட்டாத்தான் பால் குடுக்குது. இது தானாவே குடுக்குதுங்க.” ஒருநாள் வேலையைத் தோட்டத்தில் ‘பேர்’ என்பார்கள். இருளாயி கூரையை அண்ணாந்து பார்த்தாள். “இதுக்கு அரப்பேரு இல்லைங்க, முழுப்பேரே போடலாம். அம்புட்டு வேல செய்யுது.”

சரவணமுத்து நற்சான்றிதழை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஆனாலும் கடமை கடமைதானே. விஜயகலா குடையைப் பிடிக்க, அவர் நற்சான்றிதழை உரக்க வாசித்தார். ‘...நீரினால் ஊடுருவ முடியாத மேற்படி கூரையானது ஏனைய கூரைகளுக்கு முன்மாதிரியாகத் திகழ்கின்றமையால்...’ என்ற இடத்தில் ஒரு சொட்டு அவருடைய வாசிப்புக் கண்ணாடியில் விழுந்து மேற்கொண்டு வாசிப்பதைத் தடுத்தது.

இருளாயி அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது நனைஞ்சா கெட்டுப்போகுங்களா?”

“இல்லையம்மா. லெமினேட் பண்ணியிருக்கு.”

“அனே, ரொம்ப நல்லதுங்க.” வாங்குப் பலகையின் மேல் ஏறினாள். தகரத்துக்கும் அதைத் தாங்கும் மரச் சிலாகைக்கும் இடையில் அட்டையைச் செருகினாள். அடுப்பு மூலையில் விழுந்துகொண்டிருந்த சொட்டு நின்றுவிட்டது. கருத்திட்டத்தால் அடைபட்ட முதலாவது ஓட்டை அதுதான்.

இறங்கியவள் சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டாள். “தகரம் எப்பங்க வரும்? மக தர்மிளா தலப்பிரசவத்துக்கு இங்கதான் வர்றா. ஆனி மாசம். எனக்கு ஒழுகினா பரவாயில்லைங்க, பழகிப்போச்சு. பச்சப்புள்ளைய எந்த மூலையில போடுறது? சொல்லுங்க ஐயா. கொடைக்குக் கீழயா?”

உங்களுக்குத் தகரம் அவசியமற்றது என்று தீர்மானித்த குழுவின் செயலாளர் குடைக்குக் கீழே நின்றார்.

வழியில் அவர் விஜயகலாவைக் கேட்டார். “பிள்ளை, நீர் எத்தினை எண்டு எழுதினனீர்?”

“இருநூத்தி அறுவது சேர். ரெண்டு தடவ பாத்து எழுதினேன்.”

“கணனி நாலு எண்டெல்லோ சொல்லுது.”

“அப்ப கணனிய ஒரு ராத்திரி இங்க படுக்கச் சொல்லுங்க சேர்.”

சரவணமுத்து கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். சிந்துஜன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “ஓ!” என்றான். அந்த ஒரு ‘ஓ’வுக்கும் ஆலோசனைக் கூலி உண்டா என்று சரவணமுத்துவுக்குத் தெரியவில்லை.

“அங்கிள், அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள இருநூற்றைம்பத்தைந்து வரைக்கும்தான் கொள்ளும். அதுக்கு மேல ஒன்று கூடினா திரும்பப் பூச்சியம். பழைய வேன் மீட்டர் ஒன்பதெல்லாம் முடிஞ்சு பூச்சியத்துக்கு வாற மாதிரி. இருநூற்றைம்பத்தாறு பூச்சியம், ஐம்பத்தேழு ஒன்று... இருநூற்றறுபது நாலு.”

“அப்ப கூட ஒழுகினால் ஒழுகேல்லை எண்டு சொல்லும்?”

“அளவுக்கு மிஞ்சி ஒழுகினா, ஓம்.”

“நிரம்பி வழிஞ்சதெண்டு ஒரு சொல்லுச் சொல்லக் கூடாதோ?”

“சொல்லாது அங்கிள். சத்தமில்லாமப் பூச்சியத்துக்குப் போயிரும். அது பிழை இல்ல, அதோட சுபாவம்.”

சரவணமுத்துவுக்குக் கணனி மேல் முதன்முதலாக ஒரு நெருக்கம் உண்டாயிற்று. கஷ்டம் அளவுக்கு மிஞ்சினால் பூச்சியமென்று எழுதிக்கொண்டு சத்தமில்லாமல் அடுத்த வேலையைப் பார்க்கும் சுபாவத்தை அவர் முப்பது வருஷமாகப் பல கந்தோர்களில் பார்த்திருக்கிறார். மனிதர்களுக்கு அதற்குப் பதவி உயர்வு கிடைக்கும்.

விஜயகலாவோ விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டாள். “இம்புட்டுச் சின்னப் பொட்டிக்குள்ள அம்புட்டையும் அடைக்கப் பாத்தாங்களா? நம்ம லயன் காம்பரா கட்டினவங்கதான் இதையும் கட்டினாங்களா சேர்?”

குழு அவசரமாகக் கூடியது. சரவணமுத்து உள்ளதைச் சொன்னார். பணிப்பாளர் வருந்தினார். ஆனால் ஒருமுறை வழங்கிய நற்சான்றிதழை மீளப்பெறச் சுற்றறிக்கையில் இடமில்லை. சிறந்த கூரைக்குத் தகரம் கொடுத்தால் கணக்காய்வாளர் கேட்பார். யோசித்து யோசித்துக் கடைசியில் ஓர் உயர்ந்த வழி கண்டார்கள்: பழைய முறையே சரியில்லை என்று அறிவித்துவிட்டு, எல்லா வீடுகளையும் புதிய முறையில் மீண்டும் அளப்பது. வீட்டுக்குள் ஒழுகிய தண்ணீரை லீற்றரில் எடுத்து, கூரையின் சதுர அடியால் பிரிப்பது. எண்களுக்குப் பெரிய பெட்டி. தசம தானங்கள் தாராளம்.

“இனி ஒருத்தரும் குறை சொல்ல ஏலாது,” என்றார் பணிப்பாளர்.

வைகாசி மாத முதல் வாரத்தில் காத்தமுத்து வீட்டில் சதுர அடிக்கு 0.1. அடுத்த வாரத்தில் 0.2. இரண்டையும் கூட்டிக் கணனி அச்சிட்டது: 0.30000000000000004.

பணிப்பாளர் எழுந்தே நின்றுவிட்டார். “பாருங்க! எத்தனை பூச்சியம் தாண்டிப் போய் ஒரு நாலைப் பிடிச்சிருக்கு! இதுதான் துல்லியம்.”

“சேர், அது பிழையெண்டு தம்பி சிந்துஜன் சொல்லுறார். கணனிக்குப் பத்தில் ஒண்டைச் சரியாய் எழுத வராதாம்.”

“பிழையாவே இருக்கட்டும் மிஸ்டர் சரவணமுத்து. இவ்வளவு தூரத்தில உள்ள பிழையைக் காட்டுதெண்டா, பக்கத்தில உள்ள பிழைய விடுமா?”

செய்தி காத்தமுத்துவுக்கும் போயிற்று. “அந்தக் கடைசி நாலு எந்தச் சொட்டுங்க?” என்று அவர் வீட்டுக்குள் அண்ணாந்து தேடிப் பார்த்ததாகக் கேள்வி.

இந்தத் துல்லியம் இருளாயி வீட்டை எட்டுவதற்கு முன்பு காற்று எட்டிவிட்டது. வைகாசிப் புயல் மழையில் ஒருநாள் அவளுடைய கூரை சிலாகையோடு கிளம்பி, லயத்துக்கு மேலாகப் பறந்து, ஓடைக்கு அப்பால் விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை; அவள் அப்போது பக்கத்து வீட்டில் உப்பு வாங்கப் போயிருந்தாள். நற்சான்றிதழ் ஒரு றப்பர் மரக்கிளையில் மாட்டிக்கொண்டு, யாரும் படிக்கக்கூடிய உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

விஜயகலா மழைமானியோடு வந்து நின்றாள். எதை அளப்பது? கந்தோருக்குக் கேட்டு அனுப்பினாள். குழு இரண்டு மணித்தியாலம் ஆராய்ந்து விளக்கம் தந்தது: ‘கூரை ஊடாக வருவதே ஒழுக்கு எனப்படும். கூரையற்ற இடத்தில் விழுவது மழையாகும். மழை இக்கருத்திட்டத்தின் எல்லைக்குள் அடங்காது. ஆகவே ஒழுக்கு: பூச்சியம். கூரையின் சதுர அடி: பூச்சியம்.’

சரவணமுத்து இரண்டு பூச்சியங்களையும் இட்டார். ஒன்றை மற்றதால் பிரிக்கச் சொன்னார். கணனி எதிர்க்கவில்லை. தாளில் ஆங்கிலச் சிறிய எழுத்துகள் மூன்று வந்தன: nan. அதோடு நிற்கவும் இல்லை. அந்த லயத்தின் கூட்டுத்தொகை: nan. கீழ் டிவிசன் சராசரி: nan. முழுத் தோட்டத்தின் ஒழுக்கு: nan.

அன்றைய கூட்டம்தான் வரலாற்றுச் சிறப்புமிக்கது. உதவி நிறுவனத்தார் பத்து நாளில் வருகிறார்கள். சராசரி இல்லாமல் அறிக்கை இல்லை. அறிக்கை இல்லாமல் படங்கை அவிழ்க்க அனுமதி இல்லை. மழை ஹாட்வெயார் கடைக் கூரையில் முழங்கியது. பணிப்பாளர் முகம் சிவந்து மேசையைத் தட்டினார்.

“இவ்வளவு செலவு செஞ்சும், ஒரு மனிசியிட தலைக்கு மேல கூரை இல்ல. நான் நேரடியாவே கேக்கிறன். இந்த நிலைமைக்கு யார் பொறுப்பு?”

மின்விசிறி சுற்றியது. துரை தன் நகங்களை ஆராய்ந்தார். கன்னையா பணிஸை ஆராய்ந்தார். சரவணமுத்து மெல்ல அந்தத் தாளை மேசை நடுவில் தள்ளினார். கன்னையா அதைக் கிட்டே இழுத்து, எழுத்துக் கூட்டி, உரக்க வாசித்தார்.

“நான்.”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“ஐயய்யோ, நான் இல்லைங்க! இதுல போட்டிருக்குங்க. ‘நான்’னு.”

“எந்த நான்?” என்றார் பணிப்பாளர்.

“தெரியலிங்களே. கீழ வரைக்கும் அதேதான் போட்டிருக்கு. நான், நான், நான்...”

“யார் அச்சிட்ட தாள் இது?”

“நா—” என்று தொடங்கிய சரவணமுத்து சட்டென்று விழித்துக்கொண்டார். “கணனி, சேர்.”

கொழும்புக்கு அழைப்புப் போட்டு, தொலைபேசியை மேசை நடுவில் வைத்தார்கள். சிந்துஜனின் குரல் மழை இரைச்சலுக்குள் வந்தது.

“அது ‘நான்’ இல்ல சேர். எண் அல்லாதது என்று அர்த்தம். பூச்சியத்தைப் பூச்சியத்தால பிரிச்சா விடை இல்லைதானே. அதுக்கு அது வைக்கிற பேர். அதோட எதைக் கூட்டினாலும் அதுவாவே ஆயிரும். ஒட்டுவாரொட்டி மாதிரி. இன்னுமொன்று சேர், அது தனக்கே சமமில்ல. நானும் நானும் சமமா என்று கேட்டா, இல்ல என்றுதான் சொல்லும்.”

அதைக் கேட்டதும் சரவணமுத்துவுக்கு மட்டும் ஒன்றும் அதிசயமாக இல்லை. கொழும்புக்குப் போகிறபோதெல்லாம் போர்க்காலச் சோதனைச் சாவடியில் இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, படத்தில் இருக்கிற சரவணமுத்துவும் வெயிலில் நிற்கிற சரவணமுத்துவும் ஒருவரே என்று நிரூபிக்கிறவர் அவர். சில நாள் நிரூபணம் அரை மணித்தியாலம் எடுக்கும். சில நாள் அவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

தொடர்பு அறுந்தது. பணிப்பாளர் ஆசனத்தில் முன்னே சாய்ந்தார்.

“சரி. அந்த ஒரு வீட்டை விட்டுட்டு மற்றதையெல்லாம் கூட்ட ஏலாதா?”

ஏலும். அதுதான் தொல்லை. அந்த நூலகத்தில் அதற்கென்றே ஒரு கட்டளை இருந்தது. வழக்கமான கட்டளைக்கு முன்னால் ஒரு சின்ன ஒட்டு. ‘நான்’ எங்கிருந்தாலும் அது உலகத்தில் பிறக்கவே இல்லை என்பதுபோலத் தாண்டிப்போய், மற்றதையெல்லாம் கூட்டிச் சந்தோஷமான ஒரு சராசரியைத் தந்துவிடும். காலையில்தான் சிந்துஜன் அவருக்குத் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்திருந்தான். அந்த ஒட்டைத் தட்டினால் அறிக்கை வரும், தகரம் வரும், எல்லா வீட்டுக்கும் வரும். இருளாயி வீடு மட்டும் கணக்கில் இல்லாத வீடாகிவிடும். கணக்கில் இல்லாத வீட்டுக்குக் கூரை போட எந்தச் சுற்றறிக்கையிலும் இடமில்லை. பிள்ளை குடைக்குக் கீழே பிறக்கும்.

கணனி மேல் ஆணையாகப் பொய் சொல்லக்கூடாது என்று சரவணமுத்து நினைத்தார். நினைத்துக்கொண்டே தொண்டையைச் செருமினார்.

“ஏலும் சேர். ஆனால் ஒரு விதி இருக்கு. விடுபடுகிற வீட்டுக்கு ஆர் பொறுப்பெண்டு ஒருத்தற்றை பேரைப் பதிஞ்சு, கையெழுத்தும் வைக்கோணும். கணனி கேக்கும். பேர் அறிக்கையின்ரை முதல் பக்கத்திலை வரும்.”

“ஒரே ஒரு பேர்தானே?” என்றார் பணிப்பாளர்.

“ஒரே ஒரு பேர்தான், சேர். ஆற்றை பேரைப் போட?”

மின்விசிறி மீண்டும் தனியே சுற்றியது. பணிப்பாளர் துரையைப் பார்த்தார். துரை கன்னையாவைப் பார்த்தார். கன்னையா, “நானு படிக்காதவனுங்க, கையெழுத்தெல்லாம் சரியா வராதுங்க,” என்றார். மூன்று தேர்தல்களில் கையெழுத்து வேட்டை நடத்தியவர் அவர். துரை மூன்றாவது தேநீரைக் கேட்டார். மழை மட்டும் தன் கருத்தை இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

கடைசியில் பணிப்பாளர் நிமிர்ந்தார். “மிஸ்டர் சரவணமுத்து, அந்த வீட்டுக்கு ஒரு கூரை இருந்தா இந்த ‘நான்’ போயிருமா?”

“உடனை போயிடும், சேர். பூச்சியத்தாலை பிரிக்கிற தேவை வராது.”

‘கணனியின் நலன் கருதி, மேற்படி இருளாயி என்பவரின் வீட்டுக்கு உடனடியாகக் கூரை அமைப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’

படங்கு அவிழ்க்கப்பட்டது. தங்கள் சராசரியையும் அந்த ஒரு வீடு விழுங்கிக்கொண்டிருந்தது என்று கேள்விப்பட்டிருந்த லயத்தார் ஆளுக்கொரு ஆணியோடு வந்துவிட்டார்கள். முதல் தகரத்தை ஏற்றியவர் காத்தமுத்து. “பெரிய நம்பர்காரம்மா, நவுந்துக்க,” என்றார்.

“ஓய், கீழ விழுந்துறாதீங்க. அப்புறம் ஒங்களையும் ஒழுக்குல சேத்துருவாங்க,” என்றாள் இருளாயி.

அடுத்த மழையில் விஜயகலா மழைமானி வைத்தாள். சொட்டுக்கூட இல்லை. ஒழுக்குப் பூச்சியம், கூரை இருநூறு சதுர அடி. சரவணமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு எண்களை இட்டார். ‘நான்’ போய்விட்டது. லயத்திலிருந்தும், டிவிசனிலிருந்தும், தோட்டத்திலிருந்தும் ஒரே அச்சில் போய்விட்டது. எல்லா இடத்திலும் ஒழுங்கான எண்கள், தசம தானங்களோடு. அறிக்கை போயிற்று, மற்ற வீடுகளுக்கும் தகரம் ஏறியது.

ஆனி மாதம் விழா வைத்தார்கள். இருளாயி வீட்டு வாசலில் பந்தல், ஒலிபெருக்கி, குத்துவிளக்கு. உள்ளே, உலர்ந்த மூலையில், தர்மிளா ஐந்து நாள் குழந்தையோடு படுத்திருந்தாள். சிரட்டைகள் மரத்துக்குத் திரும்பிவிட்டிருந்தன. உதவி நிறுவனத்திலிருந்து வந்த வெள்ளைக்கார அம்மையார் குழந்தையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டார். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். கொழும்பிலிருந்து நேரில் வந்திருந்த சிந்துஜன் ஒலிபெருக்கியில் மொழிபெயர்த்தான்.

“இந்த அருமையான கூரையைப் போட்டுக் குடுத்தது யார் என்று மேடம் கேக்கிறாங்க.”

“நான்!” என்றார் பணிப்பாளர்.

“நானுங்க!” என்றார் கன்னையா.

“மம,” என்றார் துரை. மொழி வேறானாலும் நான் ஒன்றுதான்.

“அக்சுவலி, நான்,” என்றான் சிந்துஜன், கையில் ஒலிபெருக்கி இருந்தபடியால் எல்லோரையும்விட உரத்து.

சரவணமுத்துவின் வாயிலும் ‘நா’ வரைக்கும் வந்தது. பெருந்தன்மையால் அல்ல, கையெழுத்து விதி தன் கற்பனை என்பது வெளியே வந்துவிடும் என்ற பயத்தால் ‘ன்’ வரவில்லை. அவர் குனிந்து குடையின் கம்பியைச் சரிபார்த்தார்.

நான்கு நான்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டன. ஒன்றும் மற்றதற்குச் சமமாக இல்லை.

இருளாயி கையெடுத்துக் கும்பிட்டாள். “எல்லாருக்கும் ரொம்ப சந்தோசங்க. நல்லா இருக்கணும். ஒண்ணே ஒண்ணு கேக்கலாங்களா?” ஒலிபெருக்கியைத் தானே கிட்டே இழுத்துக்கொண்டாள். “இத்தன வருசமா ஒழுக விட்டது யாருங்க?”

சிந்துஜன் அதை மொழிபெயர்க்கவில்லை. அம்மையார் புன்னகையோடு கைதட்டினார். மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். அது ஒழுகாததால் அங்கேயும் பார்க்க ஒன்றுமில்லை.

அந்தக் கேள்விக்கு இந்த மாகாணத்தில் இதுவரை ‘நான்’ என்று பதில் சொன்னது அந்தக் கணனித் தாள் ஒன்றுதான். அதைச் சென்ற மாதமே திருத்தியாகிவிட்டது.